எந்தப் பயம் என்று சொல்லுங்கள்

திகில் கதை படிக்கும் நண்பர்களே,

படித்து முடித்த சூட்டோடு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நீங்கள். வாசகர் வட்டத்திலோ, புத்தகக் கண்காட்சி வாசலிலோ, இரவு ரயிலிலோ இரண்டு திகில் வாசகர்கள் சந்தித்துவிட்டால் போதும். கடைசியாக என்ன படித்தீர்கள் என்று தொடங்கிய பேச்சு நள்ளிரவு வரை போகும். மற்ற வாசகர்களிடம் நான் அதிகம் காணாத ஓர் அவசரம் உங்களிடம் உண்டு. தனக்குக் கிடைத்ததை இன்னொருவர் கையில் உடனே கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். அதை நான் மதிக்கிறேன். அதனால்தான் இதை உங்களிடமே நேராகச் சொல்கிறேன்.

அண்மைக் காலமாக உங்கள் பேச்சு ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. "பயமா இருந்துச்சா?" ஆமாம் என்றால் புத்தகம் பிழைத்தது. இல்லையென்றால் "ஒண்ணுமே இல்ல, சப்புன்னு இருக்கு" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருவர் பல ஆண்டுகள் உட்கார்ந்து எழுதியதும், இன்னொருவர் கண் வலிக்க மொழிபெயர்த்ததும் அந்த ஒரு வரியோடு முடிந்துபோகின்றன. நியாயமா இது?

ஷெர்லி ஜாக்சன் 1959-இல் எழுதிய 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலைப் பற்றி உங்களில் பலர் சொல்லும் குறை, "கடைசி வரைக்கும் பேயே வரலை" என்பது. வரவில்லைதான். ஆனால் அந்த வீட்டுக்கு வரும் எலினோர் யார் என்று யோசித்தீர்களா? இளமையின் நல்ல ஆண்டுகளையெல்லாம் நோயாளித் தாயின் படுக்கையருகே கழித்தவள். தனக்கென்று ஓர் அறைகூட இல்லாதவள். முதன்முதலாக ஓர் இடம் அவளை 'வா' என்று அழைக்கிறது. அந்த இடம் நல்லதா கெட்டதா என்று பார்க்கும் நிலையில் அவள் இல்லை. அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருட்டில் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு அவள் படுத்திருக்கும் இடம் ஒன்று வரும்; படித்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும், படிக்காதவர்களுக்கு இதற்கு மேல் சொல்லமாட்டேன். பேய் எங்கே என்று தேடிக்கொண்டே பக்கம் புரட்டியவர்கள் அந்தப் பெண்ணைப் பார்க்காமலேயே கடந்துபோயிருக்கிறார்கள்.

பயம் புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை, படிக்கிறவரிடமும் இருக்கிறது. ஸ்டீபன் கிங்கின் 'பெட் செமட்டரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். மெய்ன் மாநிலத்தின் ஓரிங்டனில் லாரிகள் ஓயாமல் போய்வரும் சாலையோரத்து வாடகை வீட்டில் அவர் குடும்பத்தோடு இருந்தார். மகளின் பூனை அந்தச் சாலையில் அடிபட்டுச் செத்தது. பிறகொரு நாள் சின்ன மகன் அதே சாலையை நோக்கி ஓடினான்; மயிரிழையில் தப்பினான். அங்கிருந்து பிறந்ததுதான் அந்த நாவல். எழுதி முடித்ததும், இது எல்லை தாண்டிவிட்டது என்று அவரே அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். பதிப்பக ஒப்பந்தத்துக்காக ஒரு புத்தகம் கொடுக்க வேண்டி வந்ததால்தான் 1983-இல் அது வெளியானது. கல்லூரிப் பையன் ஒருவன் "பாதிப் புத்தகம் வரைக்கும் ஒண்ணும் நடக்கல" என்பான். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் முப்பதாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டுப் போய்க் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பாள். இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள். அப்படியிருக்க, 'பயமாக இருந்தது', 'இல்லை' என்ற பதிலை வைத்துக்கொண்டு மூன்றாவது ஆள் என்ன செய்வார்?

உங்களிடம் நான் எதிர்பார்ப்பது வேறு. எந்தப் பயம் என்று சொல்லுங்கள்.

இதைப் பிரித்துச் சொல்லும் வழி நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது நான்கு இடங்களிலிருந்து பிறப்பதாகச் சொல்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை. மனிதருக்கு அப்பாற்பட்டது, காட்டிலிருந்து வருவது, கெட்ட மனிதர், நம்மை ஆள்பவர். அருவருப்பை இளிவரல் என்று தனியே பிரித்து வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் ஆன் ராட்கிளிஃப் என்ற நாவலாசிரியை, எதிர்பார்ப்பில் மனத்தை விரியவைக்கும் பயத்தையும் கண்ணெதிரே கண்டு உறையவைக்கும் பயத்தையும் பிரித்து எழுதிய கட்டுரை, அவர் இறந்தபின் 1826-இல் வந்தது. 1981-இல் ஸ்டீபன் கிங்கும் ஏறத்தாழ அதே பிரிவினையைச் செய்து, குமட்டலைக் கடைசிப் படியில் வைத்தார். நம் இலக்கணம் இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முந்தியது. அது மனம் எப்படி நடுங்குகிறது என்று பார்ப்பதோடு நிற்கவில்லை, எதைக் கண்டு நடுங்குகிறது என்றும் கேட்டது.

நீங்கள் அண்மையில் படித்தவற்றை இந்த நான்கோடு பொருத்திப் பாருங்கள். 'டிராகுலா' அணங்கு என்பது எளிது. ஸ்டீபன் கிரகாம் ஜோன்ஸ் 2020-இல் எழுதிய 'தி ஒன்லி குட் இண்டியன்ஸ்' விலங்கு. வேட்டையாடக் கூடாத இடத்தில் மான் கூட்டத்தைச் சுட்ட பிளாக்ஃபீட் பழங்குடி நண்பர்கள் நால்வரை, ஆண்டுகள் கழித்து அந்த வேட்டை தேடி வருகிறது. "மான் பழிவாங்குதாம்" என்று சிரித்தபடியே அதை ஒதுக்கிய ஒருவரிடம் நான் வாதாடியிருக்கிறேன். சொந்த நிலத்திலிருந்தும் வழக்கத்திலிருந்தும் அறுக்கப்பட்டவர்கள், அந்த வழக்கத்தை மீறிய குற்றவுணர்ச்சியையும் சேர்த்துச் சுமப்பதுதான் அந்த நாவல். 'மிசரி' கள்வர். அங்கே பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பூட்டிய அறையும் ஒரு செவிலியும் மட்டும்தான்.

நான்காவதான இறையச்சத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் அதிகம் கைவிடுவது அதைத்தான். அர்ஜென்டினாவின் மரியானா என்ரிகெஸ் 2019-இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட பெரிய நாவல், ஆங்கிலத்தில் 'அவர் ஷேர் ஆஃப் நைட்' என்று வந்திருக்கிறது. இருட்டை வழிபடும் செல்வந்தர் கூட்டம் ஒன்று. அந்த இருட்டை அழைக்கத் தெரிந்த தந்தை. தன் மகனுக்கும் அந்த ஆற்றல் வந்துவிட்டதோ என்று அஞ்சும் அவரது தவிப்பு. கதை தொடங்குவது, 1976 முதல் 1983 வரை நீடித்த ராணுவ ஆட்சிக் காலத்தில். வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்கள் திரும்பி வராத காலம் அது. "திகில்னு சொல்லி அரசியலைத் திணிச்சிருக்காங்க" என்று இதைப் பற்றி உங்களில் சிலர் முகம் சுளித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. நள்ளிரவில் கதவு தட்டப்படுவதைவிடப் பெரிய திகில் எது? ஈழத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் அமர்ந்திருக்கும் தாய்மாரைப் பார்த்த தமிழருக்கு அந்த நாவல் அயலானதா? பிணம் கிடைக்காத சாவு எப்படி ஒரு வீட்டை விட்டு அகலாமல் சுற்றிவரும் என்பதை என்ரிகெஸ் எழுதியிருக்கிறார். நீளம் அதிகம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். நடுப்பகுதி எனக்கும் தொய்ந்தது. ஆனால் 'அரசியல்' என்று சொல்லி அதைத் தள்ளிவைப்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நம் ஊர்ப் பேய்கள் யார் என்றும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பழையனூர் நீலி, கணவன் கையால் செத்தவள். மதுரை வீரன், அரசன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். அநியாயமாகச் செத்தவர்களுக்கு நாம் ஒரு பக்கம் பேயென்று பயந்திருக்கிறோம், மறுபக்கம் தெய்வமென்று படையல் வைத்திருக்கிறோம். ஆகவே ஒரு திகில் கதை உங்கள் கைக்கு வரும்போது அதில் செத்தது யார், கொன்றது யார், அந்தச் சாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே ஏன் என்று பாருங்கள். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, கிணற்றிலிருந்து எழுந்து வருகிற கூந்தலை மட்டும் நீங்கள் வருணித்தால், எழுதியவரின் பாதிக் கதையை மறைத்துவிட்டீர்கள் என்றே சொல்வேன். பெண்ணைக் கொன்று பேயாக்கி, அந்தப் பேயை மந்திரவாதி அடக்கியதும் எல்லாம் சுபம் என்று முடியும் கதைகளும் உண்டு. உடம்பு சிலிர்த்தது என்பதற்காக அவற்றை மன்னித்துவிடாதீர்கள். சிலிர்த்ததையும் சொல்லுங்கள், எங்கே உறுத்தியது என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொரு வருத்தம், முடிவை உடைப்பது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்பதால் அதன் விடையை முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைக்கிறீர்கள். துப்பறியும் கணேஷ் அறிவியல் பக்கம் நிற்க, அவன் கூட்டாளி வசந்த் ஆவியின் பக்கம் சாய, நடுவில் வாசகரை ஊசலாட விடுவதுதான் அந்த நாவலின் உயிர். இன்று பதினைந்து வயதில் அதைக் கையில் எடுக்கும் பெண்ணுக்கு அது நேற்று வந்த புத்தகம். ராபர்ட் பிளாக்கின் 'சைக்கோ' நாவலை 1960-இல் படமாக்கிய ஹிட்ச்காக், படம் தொடங்கிய பிறகு யாரையும் அரங்குக்குள் விடக் கூடாது என்று நிபந்தனை போட்டார்; முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்த்தவர்களிடம் கேட்டுக்கொண்டார். அந்த மரியாதை எல்லாத் திகில் நாவலுக்கும் உரியது.

அதே நேரம், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் தவறு. குழந்தையின் சாவு, பாலியல் வன்முறை, தற்கொலை போன்றவை ஒரு நூலில் இருந்தால், யாருக்கு, எப்போது என்று சொல்லாமல், 'இது இருக்கிறது' என்று மட்டும் சொல்லிவிடுங்கள். குழந்தையை இழந்த ஒருவரிடம் நீங்கள் எதையும் சொல்லாமல் 'பெட் செமட்டரி'யை நீட்டிவிடக் கூடாது. "திகில் படிக்க வந்துட்டு இதுக்கெல்லாம் பயந்தா எப்படி" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: விரும்பி வந்து பயப்படுவது வேறு, பட்ட காயத்தின் மேலேயே மறுபடி அடி வாங்குவது வேறு.

'இது உண்மைச் சம்பவமா' என்று முதலில் கேட்பதையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். ஜாக்சனின் 'தி லாட்டரி' கதை 1948 ஜூனில் 'நியூ யார்க்கர்' இதழில் வந்தபோது முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன. குழப்பம், வசவு, சந்தா நிறுத்தம் எல்லாம் அவற்றில் இருந்தன. கதையில் வரும் சடங்கு எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று விசாரித்தவர்களும் இருந்தார்கள். அன்றைய தென்னாப்பிரிக்க அரசு அந்தக் கதையைத் தடை செய்தது. கதையை அவர்களாவது புரிந்துகொண்டார்கள் என ஜாக்சன் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். ஊரைத் தேடியவர்களைவிடத் தடை செய்தவர்கள் கதையைக் கூர்மையாகப் படித்திருக்கிறார்கள் என்பது எவ்வளவு வேதனையான செய்தி!

வெறும் வாசகர்கள் பேசிக்கொள்வதற்கு ஏன் இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் பேச்சுக்கு இருக்கும் பலம் உங்களுக்குத் தெரியவில்லை என்பதே என் கவலை. 1923-இல் தொடங்கிய 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வாசகர் கடிதங்களுக்கென ஒரு பகுதி இருந்தது. எந்தக் கதை பிடித்தது, எது ஏன் பிடிக்கவில்லை என்று வாசகர்கள் அதில் வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார்கள். ராபர்ட் ஹோவர்டின் புகழ்பெற்ற கோனன் கதைகளைக் கடுமையாகத் தாக்கி அதில் எழுதியவர்களில் ஒருவர், அப்போது பதின்ம வயதில் இருந்த ராபர்ட் பிளாக். அதே காலத்தில் அவர் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டுக்கும் கடிதம் எழுதினார். லவ்கிராஃப்ட் பதில் எழுதி, நீயும் எழுதிப் பார் என்று ஊக்கம் கொடுத்தார். 'சைக்கோ'வை எழுதிய கை, வாசகர் கடிதம் எழுதிப் பழகிய கை. லவ்கிராஃப்ட் 1937-இல் இறந்தபோது அவருடைய கதைகள் பெரும்பாலும் மலிவு இதழ்களில்தான் கிடந்தன. அவரோடு கடிதத்தில் பழகிய இரு நண்பர்கள், ஆகஸ்ட் டெர்லத்தும் டொனால்ட் வாண்ட்ரேயும், 1939-இல் அவருக்காகவே ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். அவர்கள் தொடங்காமல் இருந்திருந்தால் அந்தக் கதைகள் உங்கள் கைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இது பழங்கதை என்று தள்ளினால் புதியதும் உண்டு. எழுபது, எண்பதுகளில் அமெரிக்காவில் கொட்டிக் குவிந்து மறக்கப்பட்ட திகில் மலிவுப் பதிப்புகளைத் தேடித் தேடிப் படித்துக் குறிப்பெழுதினார் வில் எரிக்சன். அவர் துணையோடு கிரேடி ஹெண்ட்ரிக்ஸ் 2017-இல் 'பேப்பர்பேக்ஸ் ஃப்ரம் ஹெல்' என்ற நூலைக் கொண்டுவந்தார். அட்டைப்படம் வரைந்த ஓவியர்களைக்கூட அதில் விட்டுவைக்கவில்லை. அதைத் தொடர்ந்து வலன்கோர்ட் பதிப்பகம் அந்தப் பழைய நாவல்களில் சிலவற்றை மறுபடி அச்சிட்டது. வாசகர் இருவரின் ஆசை, இல்லாமல் போன புத்தகங்களைக் கடைக்குத் திரும்பக் கொண்டுவந்தது.

நம் பக்கம் பாருங்கள். பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்கள் எங்கே? ஒரு தலைமுறையே போர்வைக்குள் வைத்துப் படித்த பி.டி.சாமியின் பேய்க் கதைகளில் எத்தனை இன்று கிடைக்கும்? இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மறைந்தபோது நான் கேட்ட அஞ்சலிப் பேச்சுகளில் பெரும்பாலானவை 'விடாது கருப்பு' தொலைக்காட்சித் தொடரைப் பற்றியவை. அவர் எழுதிய புத்தகம் ஒன்றையாவது கையில் எடுத்து, இந்த அத்தியாயம் இப்படி என்று பேசியவர்கள் குறைவு. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் நம் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வியந்தவர்கள், அவற்றின் தமிழ் மூலங்களைப் பற்றித் தமிழில் ஏன் அதே அக்கறையோடு பேசவில்லை? புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யையாவது இலக்கியவாதிகள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பிச்சை கேட்டு வந்தவளை மனைவி வீட்டில் சேர்த்துக்கொள்ள, அதன்பின் நடப்பது நிஜமா பிரமையா என்று சொல்லாமலேயே விட்டுவிடும் அந்தக் கதையைத் திகில் கதையாக எடுத்துப் பேச வேண்டியவர்கள் நீங்கள். நீங்களோ ஆங்கிலத்தில் நேற்று வந்ததற்கு அரை மணி நேரம் பேசுகிறீர்கள். தமிழில் வந்தது என்றால் "சின்ன வயசுல படிச்சது" என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். யாரும் பேசாத புத்தகத்தை எந்தப் பதிப்பாளர் மறுபடி அச்சிடுவார்? பேய்க்கதை எழுத ஆசைப்படும் இளைஞருக்கு, தனக்கு முன்னால் இங்கே யார் யார் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று எப்படித் தெரியும்?

எனவே என் வேண்டுகோள். அடுத்து ஒரு திகில் நூலை முடித்ததும், எது உங்களைப் பிடித்தது, எந்த இடத்தில் பிடித்தது, அந்த இடத்தில் நீங்கள் அஞ்சியது பேய்க்கா மனிதருக்கா அதிகாரத்துக்கா என்று சொல்லுங்கள். பயமே வரவில்லையென்றால், அது எங்கே உங்களை இழந்தது என்று அதே பொறுமையோடு சொல்லுங்கள். விடையை மறைத்து வையுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதோடு, இந்த ஆண்டு முடிவதற்குள் தமிழில் ஒரே ஒரு பழைய திகில் நாவலைத் தேடி எடுங்கள். வீட்டுப் பரணில் கிடக்கலாம், ஊர் நூலகத்தில் இருக்கலாம், பழைய புத்தகக் கடையில் இருபது ரூபாய்க்குக் கிடைக்கலாம். அட்டை போயிருந்தாலும் பரவாயில்லை. எழுதியவர் பெயர், பதிப்பகம், ஆண்டு, விலை, அட்டை வரைந்தவர் என்று கிடைத்ததையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முழுக்கப் படியுங்கள். எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே காலாவதியாகிவிட்டது என்று இரண்டு பக்கமாவது எழுதுங்கள். அடுத்த வாசகர் வட்டக் கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளையும் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள். புதுப் புத்தகங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன் அதைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உங்களோடு படிக்கும் ஒருவன்